வீட்டில் முதியோர் விழாமல் காப்போம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம். மழை விட்டிருந்த ஒரு காலைப் பொழுதில் படுவான்கரைக் கிராமம் ஒன்றுக்கு வீடு சந்திக்கப் போயிருந்தேன். மீள்குடியேறிய குடும்பங்கள் வாழும் கிராமம் அது. ஒரு வளவில் புது வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் எழுபது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் பாயில் கிடந்தார். வலது இடுப்பிலிருந்து முழங்கால்வரை பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது. விழுந்து பதினொரு நாள் என்றார்கள்.

"எங்க ஐயா விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க கட்டித்தந்த வீட்டு வாசலிலதான் பாதர்" என்றார். குறைசொல்லும் நோக்கம் அவரிடம் இருக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த வீட்டுத் திட்டத்துக்கு நானும் பொறுப்பாக இருந்தவன். 2011 ஜனவரி வெள்ளத்தில் பட்ட பாட்டை மனதில் வைத்து, அத்திவாரத்தை இரண்டரை அடி உயர்த்தினோம். அது சரியான முடிவு. ஆனால், வாசற்படி கட்டும் நேரத்தில் காசு முடிந்துவிட்டது. "படியை வீட்டுக்காரர் பிறகு கட்டிக்கொள்வார்கள்" என்று அறிக்கையில் எழுதிவிட்டு வந்துவிட்டோம். வீட்டுக்காரர் மிஞ்சிய சீமெந்துக் கல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏறி இறங்கினார்கள். மாரியில் அதில் பாசி பிடித்தது. ஒருநாள் விடியற்காலை மேற்கல் ஆடியது. ஐயா விழுந்தார். பன்னிரண்டாம் நாள் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அதற்குள் முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது. சித்திரை பிறக்குமுன் அவர் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் படிக்கு இரண்டு பை சீமெந்தும் கொஞ்சம் கல்லும் மணலும் போதுமாக இருந்திருக்கும்.

ஆகவேதான் இம்முறை பயிரையும் கால்நடையையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைப் பற்றி எழுதுகிறேன்.

விழுவது வயதின் விதியல்ல

"வயது போனால் விழத்தான் செய்வார்கள்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. வயதானவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்பது உண்மை. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டில் ஒரு தடவையாவது விழுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் விபத்து மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் நம்முடையதைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தரமான நாடுகளில் வாழ்பவர்கள். இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள். அந்தத் தொகை அதன்பின் கூடியே வந்திருக்கிறது.

ஆனால் விழுவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் பல நம் கைக்குள் இருப்பவை. பாசி, இருட்டு, தேய்ந்த செருப்பு, சாப்பிடாமல் போட்ட மாத்திரை என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தால், "விதி" என்று சொன்னதில் பெரும் பகுதி கரைந்துபோகும்.

நம் பகுதியில் இது ஏன் பெரிய விடயம் என்பதையும் சொல்லவேண்டும். மகளோ மருமகனோ கட்டாருக்கும் குவைத்துக்கும் போயிருக்கும் வீடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பது அம்மம்மாதான். அவர் விழுந்தால் அடுப்பு எரியாது, பிள்ளை பள்ளிக்கூடம் போகாது, வெளிநாட்டில் இருப்பவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு திரும்பவேண்டி வரும். ஓர் எலும்பு முறிவில் ஒரு குடும்பம் மீண்டும் கடனுக்குள் போனதை நான் கண்டிருக்கிறேன்.

இடம்பெயர்ந்தவர்க்கு ஆபத்து கூடுவது ஏன்?

நாற்பது வருடம் ஒரே வளவில் வாழ்ந்தவருக்கு அந்த வளவு கால்களுக்கே தெரியும். எந்த இடத்தில் வேர் புடைத்திருக்கிறது, எந்த இடத்தில் நிலைப்படி உயர்ந்திருக்கிறது என்று கண் பாராமலே கால் தூக்கும். இடம்பெயர்ந்தால் அந்த அறிவு ஒரே நாளில் பயனற்றுப் போகிறது.

2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து சனங்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தபோது நான் குருமாணவன். முகாம் வேலைக்கு எங்களையும் அனுப்பினார்கள். கூடாரங்களை இழுத்துக் கட்டிய கயிறுகளில் இரவில் தடக்கி விழுந்த முதியவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் கணக்கெடுக்கவில்லை. கயிற்றில் வெள்ளைத் துணி கட்டினால் இருட்டிலும் தெரியும் என்று ஒரு தாய் சொல்லித்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. மலசலகூடங்களோ முகாமின் கோடியில் இருந்தன. இடர்காலப் பணிகளுக்கான அனைத்துலக நியமமாகிய ஸ்பியர் கைநூல், இருப்பிடத்திலிருந்து மலசலகூடம் 50 மீற்றருக்கு மேல் தூரத்தில் இருக்கக் கூடாது என்கிறது. முதியவருக்கு அந்த 50 மீற்றரே அதிகம் என்பேன். இரவில் அவ்வளவு தூரம் போகப் பயந்து பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். தண்ணீர் குறைந்தால் எழும்பும்போது தலை சுற்றும். தலை சுற்றினால் விழுவார்கள். விழாமல் இருக்கச் செய்த காரியமே விழ வைத்தது.

வெள்ளக் காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கும்போது இன்றும் இதே கதைதான். மண்டபப் பொறுப்பாளர்களிடம் கேளுங்கள்: முதியோருக்குக் கதவோரமும், மலசலகூடத்துக்குக் கிட்டிய இடமும் வேண்டும். அவசரமாக வெளிக்கிடும்போது மூக்குக்கண்ணாடியும் பொல்லும் வீட்டிலேயே விடுபட்டுப் போவதும் வழக்கம். மழைக்காலம் வருமுன்னே கிளினிக் கொப்பி, மாத்திரை, கண்ணாடி மூன்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு ஆணியில் தொங்கவிடுங்கள்.

இன்னொன்று, யானை. காட்டோரக் கிராமங்களில் நடுச்சாமத்தில் "யானை, யானை" என்ற சத்தம் கேட்டால் கிழவர் கிழவியர் உட்பட எல்லோரும் இருட்டில் ஓடுகிறார்கள். ஓடும் பாதையையாவது பகலில் துப்புரவாக்கி வைத்திருக்கலாம். மகன் ஊரில் இல்லையென்று அறுபத்தெட்டு வயதில் காவல் பரணில் ஏறும் தகப்பன்மாருக்கு என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. வயலை விடச் சொல்ல முடியுமா? ஏணிக்கு இரண்டு பக்கமும் பிடிதடி கட்டுங்கள், தனியே ஏறாதீர்கள் என்றுதான் சொல்லமுடிகிறது.

வளவைச் சுற்றி வாருங்கள்

நம் பகுதியில் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பக்கத்தில் சிறு வீட்டுக்கோ கொட்டிலுக்கோ ஒதுங்குவது பழைய வழக்கம். இதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குக் கிட்டவே முதியவர் வாழ வழிசெய்யும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் மின்விளக்கு, கிணறு, மலசலகூடம் எல்லாம் மகள் வீட்டை அண்டியும், கண் தெரியாதவர் இருளான பின் வளவிலும் இருக்கும் நிலையை யோசியுங்கள். கொட்டிலிலிருந்து மலசலகூடம் போகும் பாதைதான் நீங்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம். அந்தப் பாதையில் இரவில் ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள். மாடு கட்டும் கயிறு, பிள்ளைகள் போட்டுவிட்ட சைக்கிள், கொத்திப்போட்ட விறகு, தென்னம் மட்டை, எல்லாம் அங்கேதான் கிடக்கும். கப்பு நட்டு இடுப்பளவில் ஒரு நீளக் கமுகந்தடியைக் கட்டிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டே போய் வரலாம். பாதையோரம் ஒரு சிறு சூரியவொளி விளக்கு வைக்க வசதியிருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் தலைமாட்டில் ரோச் லைட் இருக்கட்டும். கைபேசி விளக்கை இருட்டில் தேடித் தட்டுவது முதியவருக்கு எளிதல்ல.

இரவுக்கு மட்டும் கொட்டிலுக்குள் மூடியுள்ள ஒரு வாளி வைப்பது மிகப் பாதுகாப்பானது. பலர் வெட்கப்படுகிறார்கள். பிள்ளைகள் அதை முகம் சுளிக்காமல் காலையில் எடுத்து ஊற்றினால் அந்த வெட்கம் ஒரு கிழமையில் போய்விடும். குந்தியிருந்து எழும்ப முடியாதவருக்கு ஊர்த் தச்சரைக் கொண்டு நடுவில் துவாரம் விட்ட மரக்கதிரை ஒன்று செய்து குழியின்மேல் வைக்கலாம். பிளாஸ்ரிக் கதிரையை வெட்டி ஓட்டை போடாதீர்கள். அது பாரம் தாங்காது. பொதுவாகவே பிளாஸ்ரிக் கதிரை முதியவருக்கு நல்ல துணையல்ல. கைப்பிடியை ஊன்றி எழும்பும்போது வழுக்கும் தரையில் பின்னுக்குப் போகும். மணலில் கால் விரியும். அதைச் சுவரோடு சாய்த்து வையுங்கள்.

கிணற்றடி அடுத்தது. ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு தடவை, பிறகு மாரி முடியும்வரை கிழமைக்கொரு தடவை, கம்பித் தூரிகையோ தென்னந் தும்போ கொண்டு பாசியைத் தேய்த்துக் கழுவவேண்டும். சவர்க்கார நீர் தேங்காமல் ஓட வழி வெட்டவேண்டும். புதிதாகச் சீமெந்து போடுவதானால் மட்டக்கோலால் மினுக்கி விடவேண்டாம். ஈரம் காயுமுன் ஈர்க்குக்கட்டால் கீறி விடுங்கள், கால் பிடிக்கும். சாணம் மெழுகிய மண் தரையிலிருந்து மினுமினுக்கும் தரைக்கு மாறியதை முன்னேற்றம் என்கிறோம். அந்தத் தரையில் ஒரு துளி தண்ணீர் சிந்தினால் என்ன நடக்கும் என்பதை வீட்டுத் திட்டக்காரராகிய நாங்கள் யோசிப்பது குறைவு.

வாசற்படியைப் பற்றி முன்பே சொன்னேன். ஒரு படி ஆறு அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது. கால் முழுவதும் பதிய பதினொரு பன்னிரண்டு அங்குல அகலம் வேண்டும். எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்கவேண்டும். மூன்று படி ஏறிப் பழகிய கால், நான்காவது ஒரு அங்குலம் உயர்ந்திருந்தாலும் தட்டுப்படும். படியின் விளிம்பில் வெள்ளைப் பூச்சோ சுண்ணாம்போ ஒரு கோடாக இழுத்துவிட்டால் மங்கலான கண்ணுக்கும் தெரியும். ஒரு பக்கமாவது கைப்பிடி இருக்கட்டும்.

உடம்புக்குள் இருக்கும் காரணங்கள்

வளவைச் சீர்செய்தால் மட்டும் போதாது. படுக்கையிலிருந்து திடீரென எழும்பும்போது சிலருக்குக் குருதியமுக்கம் சட்டென்று குறைந்து கண் இருட்டும். பிரஷர் மாத்திரை, சலம் போகக் கொடுக்கும் மாத்திரை, நித்திரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். எழும்புமுன் படுக்கை விளிம்பில் இரண்டு நிமிடம் இருந்து, பாதங்களை மேலும் கீழும் ஆட்டி, பிறகு எழும்பச் சொல்லுங்கள். அப்படியும் தலை சுற்றினால் கிளினிக்கில் அதைச் சொல்லவேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடுவதும் கூடாது.

சீனி வருத்தக்காரருக்கு இரண்டு ஆபத்துகள். ஒன்று, பாதம் மரத்துப்போவதால் தரை எப்படி இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. அவர்கள் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது. வரம்பில் செருப்பில்லாமலே வாழ்நாள் முழுதும் நடந்தவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். குதிக்குப் பின்னால் பட்டியுள்ள செருப்பு நல்லது. அடி தேய்ந்த றப்பர் செருப்பை எறிந்துவிடுங்கள். மற்றையது, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது. விரதமிருக்கும் நாட்களிலும், வெறும் வயிற்றில் இரத்தம் சோதிக்கப் போகும் கிளினிக் நாட்களிலும் சீனி மிகக் குறைந்து, வியர்த்து, நடுங்கி விழுகிறார்கள். முதல் பஸ்ஸில் போய் மதியம்வரை வரிசையில் நின்றால் வேறென்ன நடக்கும்? அன்று காலை மாத்திரையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கையோடு சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய், இரத்தம் எடுத்தவுடனே சாப்பிட வையுங்கள். விரதம் பிடிப்பதற்கு முன்னும் வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

கண்ணில் வெண்புரை விழுந்திருந்தால் அரச வைத்தியசாலையிலேயே சத்திரசிகிச்சை செய்கிறார்கள். "இந்த வயதில் எனக்கெதற்கு" என்று தள்ளிப்போடும் தாய்மாரை வற்புறுத்தியாவது கூட்டிப்போங்கள்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலிகிறது. நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவது, குரக்கன், எள்ளு, கீரை, நம் ஊர் எருமைத் தயிர், இவையெல்லாம் எலும்புக்கு உதவும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காலின் பலம். இங்கேதான் அன்புள்ள பிள்ளைகள் பிழை விடுகிறார்கள். "நீங்க சும்மா இருங்கம்மா, நாங்க பாத்துக்கிறம்" என்று கதிரையில் இருத்திவிடுகிறார்கள். சும்மா இருக்கும் கால் மாதக்கணக்கில் மெலிகிறது. ஒருமுறை விழுந்தவர் பயத்தில் நடப்பதைக் குறைக்கிறார். குறைத்ததால் மேலும் பலமிழந்து மறுபடி விழுகிறார். கால் பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சி செய்பவர்கள் விழுவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய காரியம் ஒன்றுமில்லை. சுவரோடு வைத்த உறுதியான கதிரையிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருக்கவேண்டும். முடியாதவர் முதலில் கையூன்றிச் செய்யலாம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதியைத் தூக்கி விரல்களில் பத்துத் தடவை நிற்கவேண்டும். பிறகு ஒரு கையால் சுவரைத் தொட்டபடி, ஒரு பாதத்தின் விரல்களுக்கு முன்னால் மற்றப் பாதத்தின் குதி படும்படி நேர்கோட்டில் நடக்கவேண்டும், வரம்பில் நடப்பதுபோல. வயற்காரருக்கு இது சொல்லித்தரவேண்டியதில்லை. கோழிக்குத் தீன் போடுவது, பயிற்றங்கன்றுக்குத் தண்ணீர் விடுவது போன்ற வேலைகளை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள். முருங்கையில் ஏறுவதை மட்டும் பறித்துவிடுங்கள். அதன் கொப்பு யாரையும் தாங்காது.

பொல்லு பிடிப்பவர் கவனிக்க: செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடியும் இடம்வரை பொல்லின் உயரம் இருக்கவேண்டும். நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். பெரும்பாலானோர் நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அடியில் றப்பர் மூடி இல்லாத பொல்லு சீமெந்துத் தரையில் வழுக்கும். பொல்லோ, நடைச்சட்டகமோ, சக்கர நாற்காலியோ தேவைப்பட்டால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அறுபது வயதைக் கடந்தவர்களுக்காகவே இருக்கிறது. உங்கள் கிராமத்து முதியோர் சங்கத்தின் கூட்டத்தில் இந்த விடயங்களைக் கேட்கலாம்.

விழுந்துவிட்டால்

ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். முதலில் பேசிப் பாருங்கள். எங்கே நோகிறது, காலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். ஒன்றுமில்லையென்றால் அவரைப் பக்கவாட்டில் உருளச் செய்து, கையும் முழங்காலும் ஊன்றி, முன்னால் வைத்த கதிரையைப் பிடித்து, பலமுள்ள காலை முதலில் ஊன்றி மெல்ல எழும்ப விடுங்கள்.

ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், அல்லது காலைத் தூக்கவே முடியாவிட்டால், இடுப்படியில் தொடை எலும்பு முறிந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். முறிவு அதிகம் விலகாதபோது கால் பார்வைக்கு வித்தியாசமாகத் தெரியாமலும் இருக்கலாம். விழுந்த பின் ஊன்றி நிற்க முடியாதவரைப் படம் எடுத்துப் பார்க்காமல் விடக்கூடாது. நம் முறிவு நெரிவு வைத்தியர்களை நான் மதிக்கிறேன். யுத்த காலத்தில் வீதிகள் அடைபட்டிருந்தபோது சனங்களுக்குக் கைகொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் இந்த முறிவு வேறு. அது மூட்டுக்குள் ஆழத்தில் இருக்கிறது; சுற்றியுள்ள பெரிய தசைகள் முறிந்த முனைகளை இழுத்து விலக்கிக்கொண்டே இருக்கும்; வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பொருந்தி நிற்காது. அந்த இடத்தில் எலும்புக்கு இரத்தம் வருவதும் முறிவோடு தடைப்படலாம். அதனால் பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை வேண்டும், அதுவும் இரண்டொரு நாளுக்குள். பாயில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் படுக்கைப் புண்ணும், நெஞ்சுச் சளி கட்டி வரும் நியூமோனியாவும், காலில் இரத்தம் உறைவதும் கிட்ட வருகின்றன. பெரியவர்களைக் கொல்வது பெரும்பாலும் இவைதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வரும்வரை அவரை அசைக்காமல், போர்த்தி வைத்திருங்கள். சாப்பாடு கொடுக்கவேண்டாம்.

தலை அடிபட்டிருந்தால், அன்று நன்றாக இருந்தாலும் அடுத்த சில கிழமைகளுக்குக் கவனியுங்கள். கூடுதலாகத் தூங்குவது, பேச்சுத் தடுமாறுவது, தலையிடி கூடுவது ஆகியன மண்டைக்குள் மெல்ல இரத்தம் கசிவதன் அடையாளமாகலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராயின் காத்திருக்கவே வேண்டாம், அன்றே கொண்டுபோங்கள்.

அந்தப் பெரியவரின் அடக்கத்துக்குப் பிறகு மிச்ச வீடுகளைப் பார்க்கப் போனோம். கல்லடுக்கு, தென்னங்குற்றி, பழைய உரல் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒன்று கிடந்தது. ஊர் இளைஞர்கள் மணல் அள்ளித் தந்தார்கள், சீமெந்துக்கு நாங்கள் காசு தேடினோம், ஒரு வைகாசி மாதம் முழுவதும் படி கட்டினோம். பெரியவரின் மகள் தன் வீட்டுப் படிக்குத் தானே சாந்து குழைத்தார். கைப்பிடிக்கு வேலியோரம் நின்ற பூவரசை வெட்டித் தந்தார். கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று மேசன் கேட்டபோது, தாயை அழைத்துவந்து நிற்கவைத்து, அவருடைய மணிக்கட்டு வந்த இடத்தில் அடையாளம் போட்டார்.